காலை 7.10, சொல் கிடைத்தால்

ஊசிப்பாறைப்புதூரில் மரகதம் மினிபஸ் பேச ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு, பேபியக்காவின் டீக்கடைக்கு எதிரே, ரேடியோவில் விவசாயச் செய்தி முடிந்து பாட்டு தொடங்கிய அதே நேரத்தில். அன்றைக்கு பஸ் பேசியதைவிட, அது சொன்ன நேரத்துக்கு வந்து நின்றிருந்ததுதான் பெரிய அதிசயம் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

முந்தின நாள் வண்டியின் செல்ஃப் போய்விட்டிருந்தது. செல்ஃப் என்பது, சாவியைத் திருப்பினதும் பேட்டரியிடம் மின்சாரம் வாங்கி, தூங்குகிற எஞ்சினை நாலு சுற்று சுற்றிவிட்டு, எஞ்சின் தன் காலில் நின்றதும் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்கிற சின்ன மோட்டார். ஒருவரைக் கிளப்பிவிட்டுவிட்டு அதற்காகப் பேர் கேட்காத பிறவி மனிதர்களில் இல்லை, மோட்டார்களில் இருக்கிறது. அது கருகிப்போனதால் கழற்றி, பழைய காயிலை உருவி எறிந்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, கார்பன் மாற்றி மாட்டிக் கொடுத்தவன் பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் தெய்வசிகாமணி. கம்பியைச் சுற்றும்போது அவன் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தான் என்றும், அதுதான் உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டது என்றும் பேபியக்கா பின்னால் சொன்னாள். வேறு காரணம் யாருக்கும் தோன்றாததால் ஊர் அதையே வைத்துக்கொண்டது.

சிகாமணிக்கு வாய் திக்கும். முதல் எழுத்து வந்துவிடும், இரண்டாவது எழுத்து மனசு வைத்து வர வேண்டும், அது மனசு வைப்பதற்குள் எதிரில் நிற்கிறவர் மனசு வைத்து முடித்துவிடுவார். ஊர் நல்ல ஊர், அதுதான் தொந்தரவு. நடுரோட்டில் வண்டி நின்றால் கேட்காமலே நாலு பேர் ஓடிவந்து தள்ளுகிற ஊர். சிகாமணியின் பேச்சு நின்றாலும் அதே நாலு பேர் ஓடிவந்து தள்ளினார்கள். அவர்கள் தள்ளிவிட்ட பக்கமே போய்ப் போய் முப்பத்தெட்டு வயது வரை வந்துவிட்டான் அவன்.

மரகதத்தின் டிரைவர் தமயந்தி. முப்பத்துநாலு வயதில் பத்து வருஷம் ஸ்டீயரிங் பிடித்த கை. அவளைப் பெண் பார்க்க மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேருக்கும் மூன்று விதமான மீசை, ஆனால் பேச்சு ஒன்றேதான்: கல்யாணத்துக்கு அப்புறம் வண்டியை விட்டு இறங்கிடணும். மூன்று பேரையும் அவள் அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டாள் என்று கண்டக்டர் மருதாசலம் சொல்லிச் சிரிப்பான். மருதாசலத்துக்கு ஒரு நோய் உண்டு. யார் பேச ஆரம்பித்தாலும் அவர்கள் முடிப்பதற்குள் அவன் முடித்துவிடுவான், சாமியார் பிரசங்கத்தையும் விட்டுவைத்ததில்லை.

சிகாமணி தன் கடைக்கு வரும் டிரைவர்களுக்கெல்லாம் ஒரு அட்டை எழுதிக் கொடுப்பான். 'பத்து எண்ணு. சாவியை விடு. முப்பது எண்ணு.' அவ்வளவுதான் அதில் இருக்கும். பத்து எண்ணுவதற்குள் எஞ்சின் எடுக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டும், முப்பது எண்ணும்வரை பேட்டரிக்கு மூச்சு வாங்க நேரம் தர வேண்டும், அப்புறம் மறுபடி. எல்லா டிரைவர்களும் அட்டையை வாங்கிச் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு, சாவியைத் திருகிப் பிடித்தபடி செல்ஃப் கருகும்வரை மிரட்டினார்கள். தமயந்தி மட்டும் அட்டையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாள், ஒட்டினதோடு நிற்காமல் எண்ணவும் செய்தாள். (அந்தச் செல்ஃப் கருகியது கூட, அவள் ரெண்டு நாள் லீவில் போனபோது வந்த மாற்று டிரைவரின் கைங்கரியம்.) சாவியை விட்டுவிட்டு, ஹாரன்மேல் கையை வைக்காமல், பின்னால் கத்துகிறவர்களைத் திரும்பிப் பார்க்காமல், உதடு மட்டும் அசைய அவள் முப்பது எண்ணுவதைக் கடைக்குள்ளிருந்து பார்த்துப் பார்த்துத்தான் சிகாமணிக்கு அவள்மேல் பிரியம் வந்தது. ஒரு பெண்ணுக்கு எவ்வளவோ அழகு இருக்கலாம், பொறுத்திருக்கத் தெரிந்த அழகுக்கு அவன் ஒருவனே ரசிகன்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை தைரியத்தைத் திரட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றான். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கூ... கூ..." என்றான்.

படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த மருதாசலம், "கூலண்டுங்களா?" என்று முடித்துவிட்டான்.

"அட ஆமாங்க, நானும் பார்க்கோணும்னு நெனச்சனுங்க" என்று தமயந்தி ரேடியேட்டரைத் திறந்து கூலண்ட் ஊற்றினாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் அவன் வந்தான், "கூ" என்றான், அவள் ஊற்றினாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும். மூன்று மாதத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே தளும்பத் தளும்ப நிறைந்திருந்த ரேடியேட்டர் மரகதத்தின் ரேடியேட்டர்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. புதிதாக மாட்டின செல்ஃப் எப்படி எடுக்கிறது என்று பார்க்க சிகாமணி கையில் காப்பித் தம்ளரோடு டீக்கடையில் நிற்க, தமயந்தி சாவியைத் திருப்ப, 'கிர்ர்ர்' என்று சுற்ற வேண்டிய செல்ஃப் "கா... கா... கா..." என்றது. ஆண்குரல். யாருக்கும் தூக்கிவாரிப் போடவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் பழக்கமான குரல். பழக்கதோஷத்தில் மருதாசலம் "காப்பியா?" என்று முடித்தான். வண்டி எடுக்கவில்லை. தமயந்தி சாவியை விட்டு முப்பது எண்ணிவிட்டு மறுபடி திருப்பினாள். "கா... கா..."

காக்கா என்றார்கள், காத்து என்றார்கள், காளியாத்தா காப்பாத்து என்றார்கள், காங்கேயம் போகிற ஒருவர் காங்கேயம் என்றார், எதற்கும் அசையவில்லை. இறங்கித் தள்ளினார்கள், இருபது பேர் தள்ளி வாய்க்கால் பாலம்வரை உருட்டியும் எஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து டீக்கடை முன்னால் நிறுத்தியபோது, உள்ளே பாத்திரத்தைத் துழாவிய பேபியக்கா, "காராபூந்தி தீந்துபோச்சே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உடனே வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது.

பேபியக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். சிகாமணியின் கையில் இருந்த தம்ளரைப் பார்த்தாள். அவன் பன்னிரண்டு வருஷமாகத் தினமும் காலையில் வந்து "கா" என்பான், அவள் காப்பி கொடுப்பாள்.

"ஏனுங் தம்பி, இத்தன வருசமா நீங்க காராபூந்தியா கேட்டுட்டு இருந்தீங்க?"

சிகாமணி வெட்கப்பட்டுக்கொண்டே தலையாட்டினான்.

"அட கொடுமையே! நானல்லவா காப்பிய ஊத்தி ஊத்திக் குடுத்துட்டேன்!"

மறுநாள் வண்டி "எ... எ..." என்றது. அருள்மொழி டீச்சர் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போக முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய், எலுமிச்சை, எருமை, எம்.எல்.ஏ. என்று ஒரு மணி நேரம் போனது. "டீச்சர், தமிழ் படிச்சவங்க, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று மருதாசலம் கெஞ்ச, களைத்துப்போன டீச்சர், "எனக்குத் தெரியலப்பா" என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

டீச்சர் அன்று பள்ளிக்கூடம் போகாமல் முதல் ஸ்டாப்பிலேயே இறங்கி, நடந்தே திரும்பி வந்து சிகாமணியின் கடை முன்னால் நின்றார். பத்தாம் வகுப்பில், பெரியவனானால் என்ன ஆவாய் என்று அவனைக் கேட்டவர் அவர்தான். அவன் "எ... எ..." என்றதும் "எலக்ட்ரீஷியனா? சபாஷ்!" என்று சொல்லி வகுப்பையே கை தட்ட வைத்தவரும் அவர்தான்.

"அன்னைக்கு நீ 'எனக்குத் தெரியல'ன்னு சொல்ல வந்தியாப்பா?"

அவன் ஆமாம் என்று தலையாட்டினான். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பதறிப்போய், மேஜைமேல் பாதி சுற்றி வைத்திருந்த காயிலை எடுத்து அவர் கையில் கொடுத்து, கம்பிகள் ஒன்றோடொன்று இழைந்து படிந்திருக்கிற வரிசையைத் தடவிக் காட்டினான். தப்பாகத் தள்ளிவிட்டாலும் நல்ல இடத்தில்தான் வந்து விழுந்திருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாளையிலிருந்து அகராதியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிகாமணி விழுங்கின சொற்களை பஸ் கக்கிக்கொண்டிருக்கிறது, சரியான சொல்லைச் சொன்னால்தான் அன்றைக்கு எடுக்கும். டவுனிலிருந்து வேறு செல்ஃப் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார்கள். அதுவும் மாட்டின கையோடு திக்கியது. சரி, மழை வருகிறது, வெயில் அடிக்கிறது, மரகதம் சொல் கேட்கிறது என்று ஊர் அதை ஏற்றுக்கொண்டு, ஏற்பாடுகளில் இறங்கியது. பஸ் ஸ்டாண்டு நேரப் பலகையில் 'மரகதம், காலை 7.10' என்பதற்குப் பக்கத்தில் 'சொல் கிடைத்தால்' என்று யாரோ சாக்பீஸால் எழுத, ஒரு வாரத்தில் அது பெயிண்டிலேயே ஏறிவிட்டது. வேலைக்குத் தாமதமாகப் போனவர்கள் "இன்னைக்குச் சொல்லு வரலீங்க" என்றால் மேனேஜர்கள் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட விட்டார்கள். வடக்குத் தெருக்காரர்கள் குறில் எழுத்துக்கும் தெற்குத் தெருக்காரர்கள் நெடில் எழுத்துக்கும் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள். கறிகாய் விற்கிறவர்கள்கூடக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு சொல் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

'வே' என்று பஸ் சொன்ன நாளில் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு அது எடுத்தது. கல்யாணப் பந்திகளில் சிகாமணி 'வே' என்றதும் வேணும் என்று எடுத்துக்கொண்டு அவன் இலையில் கரண்டி கரண்டியாகப் பாயசம் ஊற்றின அத்தனை பேரும் அன்று தலையில் அடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து அந்த ஊர்ப் பந்திகளில் கரண்டி அந்தரத்தில் நின்று பதிலுக்குக் காத்திருக்கத் தொடங்கியது. அது எல்லாருடைய வயிற்றுக்கும் நல்லதாகப் போயிற்று.

உன் சொல்தானே, நீயே எழுதிக் கொடுத்துவிடேன் என்று கேட்டவர்களுக்கு சிகாமணி ஞாபகமில்லை என்று கை விரித்தான். பொய். அத்தனையும் ஞாபகம் இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவன் வாயில் ஊர் தப்பான சொல்லை வைத்தால் 'அது இல்லை' என்று ஊருக்கே முகத்துக்கு நேரே சொல்ல ஒரு துணை கிடைத்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை அவன் காராபூந்தியைக் கொறித்துக்கொண்டே தினமும் காலையில் நின்று அனுபவித்தான்.

அந்தச் சந்தோஷம் ஆவணி முதல் வாரத்தில் நின்றது. அன்று காலை பஸ் "கூ... கூ... கூ..." என்றது.

சிகாமணிக்குக் கையிலிருந்த பொட்டலம் நழுவிவிட்டது.

மருதாசலம் குதித்தான். "இது எனக்குத் தெரியுமுங்க! கூலண்ட்!" எடுக்கவில்லை. மருதாசலத்தின் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூரை, கூடை, கூழ், கூத்து, கூண்டு என்று தெற்குத் தெரு முழுக்க நின்று சொன்னது. கட்சிக்காரர் ஒருவர் வெள்ளை வேட்டியோடு வந்து 'கூட்டணி' என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். டீச்சர் அகராதியில் கூகை முதல் கூனி வரை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். முதல் நாள் இப்படிப் போயிற்று, இரண்டாம் நாளும் போயிற்று, எட்டு நாள் மரகதம் நின்ற இடத்தில் நின்றபடி கூவிக்கொண்டே இருந்தது, வேப்பமரத்துக் குயில் பதிலுக்குக் கூவிச் சலித்துப்போய் இடம் மாறிவிட்டது.

எட்டாம் நாள் பஸ் முதலாளியிடமிருந்து ஆள் வந்தது. திங்கட்கிழமை காலைக்குள் வண்டி எடுக்கவில்லை என்றால் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டுபோய்ப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்களாம். தமயந்திக்குக் கோயம்புத்தூரில் மில் பஸ் ஓட்ட வேலை சொல்லியிருக்கிறதாம், திங்கட்கிழமையே வந்துவிடச் சொன்னார்களாம்.

சிகாமணி கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். ஒரு பேப்பரை எடுத்து, அந்தச் சொல்லை எழுதினான். எழுதினதைப் பார்த்தான். வாயால் கேட்க வேண்டியதைக் காகிதத்தில் கொடுத்தால் அது மனுவாகிவிடும், மனுவை ஊரே வாங்கிப் படிக்கும், அவளுக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேரும். கிழித்துப் போட்டுவிட்டான்.

திங்கட்கிழமை காலை சங்கிலியோடு இழுவை வண்டி வந்து வேப்பமரத்தடியில் நின்றது. ஊர் முழுக்க வந்துவிட்டது. தமயந்தி தன் துணிப்பையை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கடைசித் தடவையாகச் சாவியைத் திருப்பினாள். "கூ... கூ... கூ..." பத்து எண்ணினாள். விட்டாள்.

அப்போது சிகாமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பங்குனியில் நின்ற அதே இடத்தில், பஸ்ஸுக்கு முன்னால் நின்றான்.

"கூ..." என்றான்.

அவ்வளவுதான், நூறு பேர் ஓடிவந்து தள்ளினார்கள். கூழாங்கல்! கூட்டுப்பொரியல்! கூர்க்கா! கூட்டுறவு சங்கம்! அவன் வாயைத் திறந்தபடி, அந்தச் சத்தத்துக்கு நடுவில், அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். முப்பது எண்ணிக்கொண்டிருந்த தமயந்தியின் உதடு பாதியில் நின்றது. அவள் கண் அவனிடமிருந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டைக்குப் போயிற்று, அட்டையிலிருந்து மறுபடி அவனிடம் வந்தது. சாவியை உருவிக்கொண்டு கீழே குதித்தாள்.

"எல்லாரும் வாயை மூடுங்க!" என்று அவள் கத்தின கத்தலில் இழுவை வண்டிக்காரன்கூடச் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டான். "இவரு சொல்லி முடிக்கிற வரைக்கும் எவராச்சும் ஒரு எழுத்துப் பேசுனீங்க, இந்தச் சாவியக் கெணத்துல போட்டுட்டுப் போயிருவேன். மருதாசலம், உங்களுக்குந்தானுங்க."

மருதாசலம் ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

அந்த ஊரில் அப்படி ஒரு அமைதி அதற்கு முன்னால் இருந்ததில்லை. பேபியக்கா ஸ்டவ்வை அணைத்தாள், டீச்சர் அகராதியை மூடினார், ரேடியோ தானாகவே கரகரவென்று அடங்கிற்று.

"கூ... கூ... கூ..." என்றான் சிகாமணி. கழுத்து நரம்பு புடைத்தது. வரவில்லை.

"பத்தாச்சுங்க" என்றாள் தமயந்தி மெதுவாக. "விட்டுருங்க. மூச்சு வாங்குங்க. நான் முப்பது எண்ணறேன்."

உதடு அசைய எண்ணினாள். யாரும் இருமவில்லை. அவன் மறுபடி முயன்றான், மறுபடி விட்டான், மறுபடி அவள் எண்ணினாள். நாலாவது தடவை, எதற்கும் அவசரமில்லை என்று அவன் உடம்புக்கே நம்பிக்கை வந்த மாதிரி, தோள் தளர்ந்து இறங்கியது.

"கூ... கூட வரட்டுமாங்க?"

சாவி அவள் கையில் இருந்தது. வண்டி எடுத்துவிட்டது.

வேப்ப இலை அதிர, ஜன்னல் கண்ணாடிகள் கடகடக்க, எட்டு நாள் சேர்த்துவைத்த புகையையெல்லாம் ஊர்மேல் விட்டுக்கொண்டு மரகதம் உறுமியது, அதற்கு நடுவில் தமயந்தி அசையாமல் நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றதை அன்று எல்லாரும் பார்த்தார்கள், டீசல் புகை என்று யாரும் சொல்லவில்லை.

"என்னையப் பாக்க வந்தவங்க எல்லாரும் எறங்கச் சொல்லித்தானுங்க கேட்டாங்க" என்றாள். "ஏறட்டுமான்னு நீங்க ஒருத்தருதான் கேட்டிருக்கீங்க. அதுக்குப் போயி நான் மூணு மாசமா கூலண்ட் ஊத்திட்டு இருந்திருக்கேன் பாருங்க. ஏறுங்க."

அவன் ஏறினான். ஊர் முழுக்க ஏறியது, வேலை இருக்கிறவர்களும் இல்லாதவர்களும். துணிப்பையைப் பேபியக்கா எடுத்துத் தன் கடைக்குள் வைத்துக்கொண்டாள். மருதாசலம் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, டிக்கெட் கட்டோடு முதலில் சிகாமணியிடம்தான் வந்தான்.

"எதுவரைக்குமுங்க?"

"க..." என்றான் சிகாமணி. "க... க..."

அந்த வழியில் கருக்கன்காடு இருக்கிறது, கல்லாங்கரடு இருக்கிறது, கன்னிமார் கோயில் ஸ்டாப் இருக்கிறது; மூன்றும் ஒவ்வொன்றாக மருதாசலத்தின் நாக்கு நுனிவரை வந்ததையும், வந்ததை அவன் வியர்க்க வியர்க்க விழுங்கினதையும் பஸ்ஸே பார்த்துக்கொண்டிருந்தது. கருக்கன்காடு வந்தது, போயிற்று. கல்லாங்கரடு வந்தது, போயிற்று. கன்னிமார் கோயிலில் ஏறினவர்கள்கூட, நிலைமையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தமயந்தி கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தபடி, உதடு அசைய எண்ணிக்கொண்டே ஓட்டினாள்.

"கடைசி வரைக்கும்" என்றான் சிகாமணி.

மருதாசலம் மூச்சு விட்டான். அந்தக் கட்டுக்குள் அப்படி ஒரு டிக்கெட் இல்லை என்பதால், கடைசி ஸ்டாப்புக்கு ஒன்று கிழித்துக் கொடுத்தான். கடைசி ஸ்டாப் வந்தது, எல்லாரும் இறங்கினார்கள். அவன் இறங்கவில்லை, அவளும் இறங்கச் சொல்லவில்லை.